வீட்டுப் பழ மரங்களில் கவாத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுச் சமவெளியில், வீட்டைச் சுற்றி ஒன்றிரண்டு மரம் வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. கவாத்து என்றால் கிளைகளை அளவாக வெட்டிச் சீராக்குவது. மலைப்பகுதி மரங்களுக்குத் தனியாக ஒரு கேள்வி கடைசிப் பகுதியில் இருக்கிறது.

கவாத்து செய்யாவிட்டால் மரம் காய்க்காதா?

காய்க்கும். மா, பலா, நாவல், சப்போட்டா எல்லாம் யாரும் தொடாமலே காய்ப்பவைதான். ஆனால் காய்ப்பு மேலே மேலே போய்விடும். உள்பக்கம் வெளிச்சம் இல்லாமல் குச்சிகள் காயும், அந்த இருட்டில் பூச்சி தங்கும். வீட்டு மரத்துக்குக் கவாத்து தேவைப்படுவது முக்கியமாகக் கைக்கெட்டும் உயரத்துக்கும் உள்ளே வெயில் விழுவதற்கும்தான். கொய்யா, மாதுளை, சீத்தா, இலந்தை போன்றவற்றில் இதைத் தாண்டிக் காய்ப்பே கவாத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும்.

எந்த மரத்தை எப்போது வெட்டுவது?

மாதத்தைக் கேட்கும் முன்னால் அந்த மரம் எங்கே பூக்கிறது என்று பாருங்கள். மா, முந்திரி இரண்டும் முற்றிய கிளையின் நுனியில் பூக்கும். பூப்பதற்குச் சில மாதம் முன்பு நுனியை வெட்டினால் அந்த வருஷக் காய்ப்பையே வெட்டியதாகும். அதனால் அறுவடை முடிந்த கையோடு வெட்ட வேண்டும். கொய்யா, சீத்தா, இலந்தை, அத்தி ஆகியவை புதுத்துளிரில் காய்ப்பவை. இவற்றில் நுனி வெட்டினால் துளிர் கூடும், காயும் கூடும். மாதுளை முற்றிய கிளையில் வரும் குட்டைக் குச்சிகளின் முனையில் காய்க்கும். பலா தண்டிலும் பெரிய கிளையிலும் காய்க்கும், நுனியை என்ன செய்தாலும் அதற்குக் கவலையில்லை.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடு வரை பெரிய வெட்டு வேண்டாம். காயம் நாள் கணக்கில் ஈரமாகவே இருந்தால் பூஞ்சணம் உள்ளே இறங்கிவிடும். காய்ந்த குச்சியை மட்டும் எந்த மாதத்திலும் எடுக்கலாம்.

அரிவாள் போதாதா?

முருங்கைக்கும் தென்னை மட்டைக்கும் போதும். மற்றவற்றுக்குப் போதாது. அரிவாள் வெட்டு நார் பிரிந்து, பட்டை கிழிந்து நிற்கும். விரல் பருமன் வரை கவாத்துக் கத்தரி, அதற்கு மேல் வளைந்த கவாத்து ரம்பம், இந்த இரண்டும் இருந்தால் வீட்டு வேலை முழுவதும் முடியும். கத்தரி வாங்கும்போது ஒரு அலகு இன்னொன்றை உரசிக்கொண்டு தாண்டிப் போகும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பலகை மேல் கத்தி விழுவதுபோல் அழுத்தி வெட்டும் வகை பச்சைக் குச்சியை நசுக்கும்.

ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் அலகை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். எலுமிச்சையிலும் மாதுளையிலும் பாக்டீரியா நோய் கத்தரி வழியாகவும் பரவும். பிளீச்சிங் கரைசலும் வேலை செய்யும், ஆனால் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் அலகு துருப்பிடித்துவிடும்.

பெரிய கிளையை வெட்டும்போது பட்டை தண்டு வரை உரிந்து வருகிறது. எப்படித் தடுப்பது?

மூன்று வெட்டாக வெட்ட வேண்டும். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் அறுப்பு. அதற்கு இரண்டு மூன்று விரற்கடை வெளியே தள்ளி மேலிருந்து இரண்டாவது அறுப்பு. கிளை பாரம் தாங்காமல் முறியும்போது கிழிசல் முதல் அறுப்போடு நின்றுவிடும். பாரம் போன பிறகு மிஞ்சிய முட்டுக்கட்டையை மூன்றாவதாக எடுக்கலாம்.

மூன்றாவது வெட்டு எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் முக்கியம். கிளை தண்டில் சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால் பட்டை சுருக்கம் விழுந்து வளையம்போலப் புடைத்திருக்கும். காயத்தை மூடும் திசு அந்த வளையத்திலிருந்துதான் வளரும். தண்டோடு ஒட்ட வழித்து வெட்டினால் வளையம் போய்விடும், காயமும் பெரிதாகும். நான்கு விரல் நீளம் கட்டையாக விட்டாலோ அந்தக் கட்டை மட்கி, மட்கல் தண்டுக்குள் இறங்கும். புடைப்பை விட்டு அதன் வெளி விளிம்பில் வெட்டுங்கள். சரியான வெட்டில் சில மாதங்களில் சுற்றிலும் உதடுபோலப் பட்டை உருண்டு வரும்.

காயத்தில் சாணி பூசலாமா?

ஊரில் பூசுகிறார்கள். ஈரம் காக்கும், பூஞ்சணத்தைத் தடுக்காது. அமெரிக்க வனத்துறையில் மரங்களை அறுத்து அறுத்து ஆராய்ந்த அலெக்ஸ் ஷிகோ, காயத்தில் பெயின்ட் பூசுவதால் மட்கல் நிற்பதில்லை, மரம் தானே உள்ளே சுவர் கட்டிக்கொள்கிறது என்று காட்டினார். அதனால் கத்தரியால் வெட்டிய சின்னக் காயங்களுக்கு எதுவும் வேண்டாம். ஆனால் மழையும் வெப்பமும் சேர்ந்த நம் ஊரில், கட்டைவிரலைவிடப் பெரிய வெட்டுக்குத் தாமிரம் கலந்த போர்டோ பசை பூசுவது நல்லது. வீட்டு அளவு இது:

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர். மயில்துத்தத்தை இடித்து, அரை லிட்டர் வெந்நீரில் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து ஆற விடுங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது. இன்னொரு வாளியில் சுண்ணாம்பை மீதி அரை லிட்டரில் நீற்றி, ஆறியதும் வடிகட்டுங்கள். இரண்டையும் மூன்றாவது வாளியில் ஒரே நேரத்தில் ஊற்றியபடி மரக்குச்சியால் கலக்குங்கள். தேய்த்த இரும்பு ஆணியை ஒரு நிமிடம் உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் சேர்க்க வேண்டும். இதைச் சோதிக்காமல் பூசினால் பட்டை கருகும். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மறுநாளுக்கு வீரியம் இருக்காது. இவ்வளவு மெனக்கெட முடியாதவர்கள் உரக்கடையில் காப்பர் ஆக்சிகுளோரைடு வாங்கிக் குழம்பாகக் குழைத்துத் தடவலாம்.

ஒட்டு மாங்கன்று வைத்து ஒரு வருஷம் ஆகிறது. நேராக ஒரே குச்சியாகப் போகிறது. என்ன செய்ய?

தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடியில் வெட்டுங்கள். மனசு வராதுதான், ஆனால் இப்போது விட்டால் பிறகு ஏணி போட வேண்டியிருக்கும்.

எங்கே வெட்டுகிறீர்கள் என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மா கொஞ்சம் கொஞ்சமாக, கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். ஒவ்வொரு துளிர்ப்பும் முடியும் இடத்தில் இலைகள் நெருங்கி, கணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு முடிச்சுபோல இருக்கும். அந்த முடிச்சுக்கு மேலே வெட்டினால் ஒரே இடத்திலிருந்து ஏழெட்டுத் துளிர் முளைக்கும், வளர்ந்தபின் பாரத்தில் அங்கேயே பிளக்கும். முடிச்சுக்குக் கீழே, இலைகள் இடைவெளி விட்டிருக்கும் பகுதியில் வெட்டினால் துளிர் குறைவாக, தள்ளித் தள்ளி வரும். அதில் வெவ்வேறு திசைக்குப் போகும் மூன்று நான்கை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். தண்டோடு குறுகலான கோணத்தில் ஒட்டிக்கொண்டு நேரே ஏறும் கிளை வேண்டாம், அதன் கவட்டில் பட்டை சிக்கிக்கொண்டு இணைப்பு பலமில்லாமல் இருக்கும். தேர்ந்த கிளைகள் ஒன்றரை, இரண்டு அடி வளர்ந்ததும் அவற்றையும் ஒருமுறை நுனி வெட்டுங்கள். இரண்டு வருஷத்தில் கூடுபோன்ற அமைப்பு வந்துவிடும்.

ஒட்டுப்பகுதிக்குக் கீழே முளைப்பது வேர்ச்செடியின், அதாவது நல்ல ரகத்தை எதன் மேல் ஒட்டினார்களோ அந்தச் செடியின், துளிர். பார்த்தவுடன் கிள்ளுங்கள். முதல் மூன்று வருஷம் வரும் பூவையும் எடுத்துவிடுவது நல்லது.

காய்க்கிற மாமரத்தில் ஒவ்வொரு வருஷமும் என்ன செய்ய வேண்டும்?

கடைசிக் காய் பறித்ததும், ஜூலை, ஆகஸ்டுக்குள், காய்ந்த பூங்கொத்துக் காம்புகளை நான்கைந்து அங்குல நுனியோடு சேர்த்து வெட்டுங்கள். உள்நோக்கி வளர்பவை, ஒன்றோடொன்று உரசுபவை, காய்ந்தவை இவற்றை அடியோடு எடுங்கள். நடுவில் ஒரு நேர்க்கிளையை எடுத்தாலே பாதி இருட்டு போய்விடும். அதன் பிறகு வரும் துளிர் மழைக்காலத்துக்குள் முற்றி, டிசம்பர் குளிருக்கு ஓய்ந்து, பூ எடுக்கும். அக்டோபர், நவம்பரில் வெட்டியவர்கள்தான் “தை பிறந்தும் பூ வரவில்லை, செவ்விலையாக விடுகிறது” என்று கேட்பவர்கள். இளந்துளிர் பூக்காது, முற்றியாக வேண்டும்.

புல்லுருவி இருக்கிறதா என்றும் பாருங்கள். மாவிலைக்கு நடுவே வேறு தினுசு இலை, குழல் பூவோடு ஒரு கொத்து தெரிந்தால் அதுதான். அதை மட்டும் ஒடித்தால் கிளைக்குள் இருக்கும் அதன் வேர் மறுபடி துளிர்க்கும். அது பற்றியிருக்கும் இடத்துக்கு ஒரு அடி கீழே, மாங்கிளையோடு சேர்த்து வெட்டுங்கள். பழம் பழுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும், விதையைப் பறவைகள்தான் அடுத்த கிளைக்குக் கொண்டுபோகின்றன.

மாம்பால் தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளிக்கும். கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி வேண்டும்.

முப்பது அடி உயர்ந்த பழைய மாமரம். குட்டையாக்க முடியுமா?

முடியும், ஒரே நாளில் கூடாது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலையை இழந்தால் நிழலிலேயே இருந்து பழகிய பட்டை திடீர் வெயிலில் வெந்து வெடிக்கும், அந்த வெடிப்பில் தண்டுத்துளைப்பான் வண்டு முட்டையிடும். அறுவடைக்குப் பின் முதல் வருஷம் நடுவில் ஓங்கிய கிளைகளை மட்டும் பத்து, பன்னிரண்டு அடி உயரத்துக்கு இறக்குங்கள். மீதியை அடுத்த இரண்டு வருஷத்தில் பிரித்துச் செய்யுங்கள். வெயில் படும் தண்டுக்கும் கிளைக்கும் சுண்ணாம்பு அடியுங்கள், அழகுக்கு இல்லை, வெயிலைத் திருப்பி விட.

வெட்டிய முண்டிலிருந்து இருபது முப்பது துளிர் கிளம்பும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: வெட்டியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு முண்டுக்கு வெளிநோக்கிய நான்கைந்து துளிரை வைத்து மற்றதை எடுக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் பழைய புதர் இன்னும் அடர்த்தியாகத் திரும்பும். வெட்டிய கிளை திரும்பக் காய்க்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். தண்டின் அடியில் மரத்தூள் கொட்டும் துளை இருந்தால் அதைச் சரிசெய்யாமல் வெட்ட வேண்டாம்.

கொய்யா இலையாக வளர்கிறது, காய் இல்லை.

இது கத்தரிக்குக் கைமேல் பலன் கொடுக்கும் மரம். செப்டம்பர், அக்டோபரில் ஒருமுறையும் பிப்ரவரி, மார்ச்சில் ஒருமுறையும், போன பருவத்தில் வளர்ந்த கிளைகளின் நுனியில் 10 முதல் 15 செ.மீ. வெட்டுங்கள். மழை வலுக்கும் முன் முதல் சுற்றை முடித்துவிடுங்கள். பக்கத்துளிர்கள் கிளம்பி, அவற்றின் இலைக்கக்கங்களில் மொட்டு வரும்.

நேராக ஓங்கும் கிளையை வெட்டாமல் வளைக்கவும் செய்யலாம். கட்டைவிரல் பருமனுக்குள் உள்ள கிளையைக் கயிற்றுக் கற்றையால் கட்டி, கிடைமட்டமாக இழுத்துத் தரையில் முளை அடித்துக் கட்டுங்கள். நுனி தாழ்ந்ததும் நெடுகிலும் உறங்கிக் கிடந்த மொட்டுகள் துளிர்க்கும். நைலான் கயிறு, கம்பி பட்டையை அறுக்கும். தேங்காய்நார்க் கயிறு சரி. அதற்கு மேல் பருத்த கிளை முறியும்.

வயதாகிக் காய்ப்பு நின்றுபோன, ஆனால் நோயில்லாத கொய்யாவைத் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் மொத்தமாகவே வெட்டலாம். மாவில் இதைச் செய்யாதீர்கள். பட்டை செதில் செதிலாக உரிவது கொய்யாவுக்கு இயல்பு, நோயில்லை.

எலுமிச்சையில் உள்ளேயிருந்து முள்ளோடு நேர்க்குச்சிகள் வருகின்றன. விடலாமா?

அவை நீர்ப்போத்துகள். இலை பெரிதாக, முள் நீளமாக, தண்டு முக்கோணமாக இருக்கும். காய்க்கும் கிளைக்குப் போக வேண்டிய சத்தை இழுத்துக்கொள்ளும். விரல் நீளம் இருக்கும்போதே கையால் அடியோடு பிய்த்துவிடுங்கள். கத்தரித்தால் அடியில் மிஞ்சும் மொட்டிலிருந்து இரண்டாகத் திரும்பி வரும். தண்டில் தரையிலிருந்து ஒன்றரை அடிவரை எந்தக் கிளையும் வேண்டாம், மழைத்துளி தெறித்து மண் மேலேறினால் பிசின் நோய் வரும். ஒட்டுச்செடியாக இருந்தால் அடியில் முளைப்பதன் இலையைப் பாருங்கள்: மூன்று இலை சேர்ந்த கூட்டிலையாகவோ மேலே உள்ளதற்குச் சம்பந்தமில்லாததாகவோ இருந்தால் அது வேர்ச்செடி.

மற்றபடி எலுமிச்சைக்குப் பெரிய கவாத்து வேண்டாம், இலையில்தான் அது சத்தைச் சேர்த்துவைக்கிறது. மஞ்சள் வளையத்தோடு சொரசொரப்பான புள்ளி விழுந்த குச்சிகளை மழையில்லாத நாளில் வெட்டி எரித்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கலந்து தெளியுங்கள். ஈரத்தில் வெட்டினால் நோய் உங்கள் கையிலேயே பரவும்.

மாதுளை புதராகிவிட்டது.

அடியிலிருந்து வரும் போத்துகளில் நல்ல நான்கு தண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தண்டாக விட்டால் துளைப்பான் விழும்போது மரமே போய்விடும், அதனால்தான் நான்கு. டிசம்பரில், மழை ஓய்ந்தபின், போன பருவக் கிளைகளின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். ஆனால் குட்டைக் குச்சிகளைச் சுத்தம் செய்வதாக நினைத்து வழித்துவிடக் கூடாது. காய் அதில்தான்.

சீத்தாவை மொட்டையாக இருக்கும்போது வெட்டலாமா?

அப்போதுதான் வெட்ட வேண்டும். கோடையில் இலை உதிர்ந்து, புதுத்துளிர் வரும் முன் காய்ந்த குச்சிகளை எடுத்து, நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். சீத்தாவில் ஒரு வினோதம்: மொட்டு இலைக்காம்பின் அடிக்குள் மூடிக் கிடக்கும். இலை விழுந்தால்தான் மொட்டு வெளியே வரும். தண்ணீர் நிறையக் கிடைத்து இலை உதிராமல் நிற்கும் வீட்டு மரத்தில் கிளையை வெட்டியும் துளிர் வராததற்குக் காரணம் இதுதான். வெட்டிய இடத்துக்குக் கீழே நான்கைந்து இலைகளைக் காம்போடு கிள்ளிவிட்டால் துளிர்க்கும்.

சப்போட்டா, பலா, நாவல், நெல்லிக்கு?

சப்போட்டா மெதுவாக வளரும், நுனியருகில்தான் பூக்கும், வருஷம் முழுவதும் ஏதாவது பூவும் பிஞ்சும் இருக்கும். எங்கே வெட்டினாலும் நஷ்டம். காய்ந்ததை எடுங்கள், தரையைத் தொடும் கிளையை எடுங்கள், போதும். பெரும்பாலும் பாலா மரத்தில் ஒட்டியிருப்பார்கள். நுனி கூராக இல்லாமல் உள்வாங்கிப் பிளந்த இலையோடு அடியில் ஏதாவது முளைத்தால் அது பாலா, உடனே எடுங்கள்.

பலாவை விரும்பிய உயரத்தில் நிறுத்தலாம். தண்டில் ஒட்டியிருக்கும் குட்டிக் குட்டி இலைத்துளிர்களை அசிங்கமாக இருக்கிறது என்று சீவாதீர்கள், பூ அதில்தான் வரும். நாவலுக்கு உயரம் தவிர வேறு வேலை இல்லை. நெல்லியில் இரண்டரை, மூன்று அடிக்கு மேல்தான் கிளை பிரிய விடுங்கள். கிளை மொறுமொறுவென்று முறியும் வகை, காய்ப்புக் காலத்தில் மூங்கில் முட்டு வேண்டும். நெருக்கமானதை மார்ச், ஏப்ரலில் குறைக்கலாம்.

முந்திரி?

மூன்று அடிவரை தண்டில் கிளை வேண்டாம். காய்ப்பு குடையின் வெளி ஓரத்தில், வெயில் படும் நுனிகளில். கொட்டை பொறுக்கி முடிந்த மே, ஜூனில் காய்ந்தவற்றையும் குறுக்கே ஓடுபவற்றையும் எடுங்கள். அடித்தண்டிலும் வெளியே தெரியும் வேரிலும் பிசினோடு மரத்தூள் கசிந்தால் வேர்த்துளைப்பான் இருக்கிறது. கவாத்து பிறகு, முதலில் பட்டையைச் செதுக்கிப் புழுவை எடுக்க வேண்டும். முந்திரியும் மாவின் குடும்பம்தான், பால் விஷயத்தில் அதே எச்சரிக்கை.

நாட்டு வாதுமை?

தட்டுத் தட்டாகக் கிளை விடும் மரம். நுனியை வெட்டினால் அந்த அமைப்பு கெட்டு நேர்க்குச்சிகள் கிளம்பும். வண்டி வாசலில் தட்டும் கீழ்த்தட்டை மட்டும் அடியோடு எடுத்துவிடுங்கள்.

தென்னையில் எத்தனை மட்டை வெட்டலாம்?

பச்சை மட்டை ஒன்றுகூட வேண்டாம். ஒவ்வொரு மட்டைக் கக்கத்திலும் ஒரு பாளை. மரம் விடுவதே மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டைதான். பந்தலுக்கென்று நான்கு மட்டையை இறக்கினால் நான்கு குலைக்குச் சோறு போடும் இலை போய்விட்டது என்று அர்த்தம். மேலும் பச்சை வெட்டின் வாசத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். வீட்டில் இடிக்கிறது, வெட்டியே ஆக வேண்டும் என்றால் தண்டிலிருந்து நான்கு அடி மட்டையை விட்டு வெட்டுங்கள், புழு தண்டை அடையும் முன் அந்தக் கட்டை காய்ந்துவிடும். தென்னைக்கு ஒரே ஒரு குருத்துதான். அதில் அரிவாள் பட்டால் மரம் முடிந்தது.

செடிமுருங்கை?

இரண்டரை அடியில் நுனி கிள்ளுங்கள். காய்ப்பு முடிந்ததும் மூன்று அடியில் சாய்வாக வெட்டுங்கள், நான்கைந்து மாதத்தில் திரும்பக் காய்க்கும். மட்டமாக வெட்டினால் மெத்தான கட்டையில் தண்ணீர் தேங்கி அழுகும். வெட்டும் முன் தண்டில் கம்பளிப்பூச்சி மொய்த்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல், ஊட்டியில் பேரி, பிளம்ஸ், பீச் வைத்திருக்கிறோம்.

இலையுதிர்ந்து உறங்கும் டிசம்பர், ஜனவரியில் வெட்டுங்கள். பேரியும் பிளம்ஸும் பல வருஷம் நிலைக்கும் குட்டைக் காய்க்குச்சிகளில் காய்க்கும், அவற்றைக் காப்பாற்றி மற்றதை வெளிச்சத்துக்காகக் குறைத்தால் போதும். பீச் போன வருஷம் வளர்ந்த குச்சியில் மட்டுமே காய்க்கும். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கடுமையாக வெட்டிப் புதுக் குச்சி வரவழைக்காவிட்டால் காய்ப்பு நுனிக்கு ஓடிவிடும்.

மின்கம்பியைத் தொடும் கிளையை நாமே வெட்டலாமா?

கூடாது. பச்சைக் கிளையில் மின்சாரம் பாயும், அலுமினிய ஏணியும் இரும்புத் தொரட்டியும் அதைவிட மோசம். மின்வாரியத்துக்குச் சொல்லி, இணைப்பை நிறுத்தியபின் வெட்டச் சொல்லுங்கள்.

வெட்டிய கிளைகளை என்ன செய்வது?

இலைகளை மரத்தடியில் மூடாக்காகப் போடலாம், தண்டைத் தொடாமல் ஒரு அடி தள்ளி. மா, முந்திரிக் கட்டைகளை மரத்துக்குப் பக்கத்தில் அடுக்கிவைக்காதீர்கள், துளைப்பான் வண்டுகள் அதில் பெருகும். நோய் கண்ட எலுமிச்சை, மாதுளைக் குச்சிகள் எரிய வேண்டும், உரக்குழிக்குப் போகக் கூடாது. மாங்கட்டையையும் முந்திரிக் கட்டையையும் எரிக்கும்போது புகை வராத பக்கம் நில்லுங்கள், அதன் பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் புகையும் ஒத்துக்கொள்ளாது.